ஹோட்டன் சமவெளியில் ஒரு நாள்: மூடுபனி ஏறுமுன் போய், விலங்கும் பறவையும் பார்த்துத் திரும்ப ஒரு முழு வழிகாட்டி

ஹோட்டன் சமவெளியின் விளிம்பில் மலை செங்குத்தாக அறுந்து விழும் உலக முடிவு வரை நடந்துபோய் வெள்ளைச் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் மலையகத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். காலநிலை சரியில்லை என்பார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை, பிந்திப் போனதுதான்.

காலையில் வெயில் பட்டதும் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மலைச்சுவரை ஒட்டி மேலே ஏறும். ஏறியதும் குளிர்ந்து மூடுபனியாகும். அநேகமான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் உலக முடிவு மூடிவிடும். மரையும் (பெரிய மான் இனம்) காட்டுக்கோழியும் விடியற்காலையில்தான் வெளியில் நிற்கும். பல்லிகளோ உடம்பில் வெயில் ஏறிய பிறகுதான் அசையும். ஒரு நாளுக்குள் இவை எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமானால் ஒழுங்கு மாறக்கூடாது: வழியில் விடியல் விலங்குகள், பிறகு நிற்காமல் விளிம்பு, அதன்பின் மெதுவாகத் திரும்பும் நடை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகின்றன.

## 1. மாதத்தையும் நாளையும் தெரிவு செய்யுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை காலைவேளை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் விடியும்போது புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதையும் பார்க்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேராக வந்து அறையும். அந்த மாதங்களில் மழையை விடக் காற்றுதான் ஆளைக் களைக்க வைக்கும்.

போயா தினம், நீண்ட வார இறுதி, ஏப்ரல் வசந்தகால நாட்கள் ஆகியவற்றைத் தவிருங்கள். சீட்டு வரிசையில் போகும் முக்கால் மணி நேரம் உலக முடிவில் உங்களுக்கு வேண்டிய முக்கால் மணி நேரம். சத்தம் கூடினால் விலங்குகளும் பாதையை விட்டு உள்ளே போய்விடும். செவ்வாய், புதன் போன்ற வேலை நாட்கள் நல்லவை.

வலசை வரும் பறவைகளும் வேண்டும் என்றால் ஒக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வாருங்கள். எல்லாம் சேர்ந்து அமைவது பெப்ரவரியில்.

## 2. முதல் நாள் இரவே மலைக்கு வந்துவிடுங்கள்

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ அதே நாளில் வந்து விடியலைப் பிடிக்க முயன்றால், சாரதி இரவு முழுவதும் கண்விழித்து வளைவுப் பாதையில் ஓட்ட வேண்டும். அது ஆபத்து. நுவரெலியா, பட்டிப்பொல, ஒஹிய, ஹப்புத்தளை ஆகியவற்றில் எங்கேயாவது இரவு தங்குங்கள்.

ரயிலில் வருபவர்கள் அடிக்கடி விடும் பிழை ஒன்று உண்டு. பட்டிப்பொல நிலையத்தில் காலை ரயிலில் இறங்கி, அங்கிருந்து ஒரு முச்சக்கர வண்டி பிடித்துப் போகலாம் என்று நினைப்பார்கள். அப்படிப் போனால் நடை தொடங்கும்போதே மூடுபனி ஏறிவிட்டிருக்கும். ஒஹிய நிலையத்திலிருந்து நடந்தே ஏறலாம் என்பவர்களுக்கும் இதுதான் பதில்: நடைபாதை தொடங்கும் ஃபார் இன் வரை சுமார் 11 கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். ரயிலை முதல் நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாகனத்தை இரவே பேசி முடியுங்கள். எத்தனை மணிக்குப் புறப்படுவது, எத்தனை மணி வரை காத்திருப்பது, வழியில் எத்தனை இடத்தில் நிறுத்துவது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். "வழியில் நிறுத்த வேண்டும்" என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், சாரதி வாகனத் தரிப்பிடத்தில் முதல் ஆளாக நிற்கும் வேகத்தில் ஓட்டுவார். மரைகள் இருபக்கமும் நிற்கும், நீங்கள் கடந்து போய்விடுவீர்கள்.

## 3. பையை இரவிலேயே கட்டுங்கள், பொலித்தீன் இல்லாமல்

பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறையைப் பிரித்துக் கடதாசியில் கொட்டித் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக் கிழித்து எடுப்பார்கள். ஆறு பேர் கொண்ட குடும்பம் இதிலேயே கால் மணி நேரம் நின்றுவிடும்.

இது வீண் கெடுபிடி இல்லை. உப்பும் எண்ணெயும் மணக்கும் பையை மரை அப்படியே விழுங்கும். அது வயிற்றில் தங்கிப்போய், விலங்கு பசியோடு சாகும். ஆகவே வீட்டிலேயே பொலித்தீனைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

- சாப்பாடு: ரொட்டியும் கட்டச் சம்பலும், அல்லது பாணும் அவித்த முட்டையும், மூடியுள்ள டப்பாவில் அல்லது வாழை இலையில். பிஸ்கட்டைத் தகர டப்பாவில் கொட்டிக்கொள்ளுங்கள்.
- தண்ணீர்: ஆளுக்கு 1.5 லீற்றர், எவர்சில்வர் போத்தலில். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் திரும்பும் ஏற்றத்தில் தலைவலி வரும். ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.
- உடுப்பு: ஒரு தடித்த ஜாக்கெட்டை விட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை. உள்ளே பனியன், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ரெயின்கோட். ஆறு மணிக்குப் பல் கிட்டும், பத்து மணிக்கு வியர்க்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது.
- கால்: அடி வழுக்காத சப்பாத்து. புல்லின் பனியிலேயே முழுக்க நனையும் என்பதால் மாற்று மேஸ் ஒரு சோடி.
- தொப்பி, வெயில் கிரீம்: 2,100 மீற்றருக்கு மேலே குளிர் இருக்கும்போதே தோல் கருகும். பின்கழுத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.
- தொலைநோக்கி: 8×42 போதும். 10 மடங்குக் கண்ணாடி காற்றில் ஆடும், விடியலின் மங்கல் வெளிச்சத்தில் இருட்டாகவும் தெரியும்.
- அடையாள அட்டை, சில்லறைக் காசு, டோர்ச், தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கிய வரைபடம். மேலே சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

மங்கிய பச்சை, கபில நிற உடுப்பு நல்லது. வெள்ளையும் சிவப்பும் புல்வெளியில் தூரத்திலிருந்தே தெரியும்.

## 4. நாலரைக்குப் புறப்படுங்கள்

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 32 கிலோமீற்றர். பாதை நன்றாக இருந்தாலும் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும், அதற்குக் கொஞ்சம் முன்னரே வரிசையில் நிற்க வேண்டும். எரிபொருளை முதல் நாளே நகரத்தில் நிரப்பிவிடுங்கள்.

வரிசையில் ஒருவர் மட்டும் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினால் போதும். மற்றவர்கள் அந்த நேரத்தில் மலசலகூடத்துக்குப் போய் வரலாம். நடைபாதைக்குள் போன பிறகு அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

## 5. வாயிலிலிருந்து ஃபார் இன் வரை: வாகனமே மறைவிடம்

அநேகமானோர் இந்தப் பகுதியைப் பயணத்தின் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாளின் மிகச் சிறந்த அரை மணி நேரம் இதுதான்.

மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்துங்கள். காடும் புல்வெளியும் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள், நடுப்புல்லை இல்லை. இரவு முழுக்க வெளியில் மேய்ந்த மரைகள் வெளிச்சம் வரும்போது காட்டோரம் நகரும். அதனால்தான் அங்கே நிற்கும்.

மரையைக் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். வாகனம் விலங்குக்குப் பழகிய உருவம். கதவு திறந்து இரண்டு கால் தரையில் பட்டதும் அதற்கு அது மனிதனாகிவிடும். பயந்த மரை காலால் நிலத்தைத் தட்டும், வாலைத் தூக்கும், பிறகு உரத்த ஒற்றைக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் உங்களைப் பார்த்து வரவில்லை என்றால், அது பார்க்கும் திசையை நீங்களும் பாருங்கள். சிறுத்தை நடமாடும் இடம் இது. சிறுத்தையை நேரில் காண்பது அரிது. அது போன தடத்தை எச்சரிக்கைக் குரலிலும், பாதையில் கிடக்கும் மயிர் கலந்த எச்சத்திலும் காணலாம்.

பறவை ஆர்வம் உள்ளவர்கள் சாலையோரத்து அரெங்கா குளத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும். அந்தப் பெயருக்குக் காரணமான இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி, உலகில் இந்த நாட்டு மலைகளில் மட்டும் வாழ்வது. நன்றாக விடியுமுன், இருட்டு கலையும் சில நிமிடங்களில் நீரோரம் வரும். முதலில் காதில் விழுவது மெல்லிய, மிகக் கூரிய சீழ்க்கை. ஆண் கருநீலம், தோளில் பளிச்சென்ற நீலத் திட்டு. பெண் கபில நிறம். பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். விளிம்பு காத்திருக்காது.

## 6. ஃபார் இன்: ஐந்து நிமிடம் மட்டும்

வாகனத் தரிப்பிடத்தில் கொம்புள்ள மரைகள் ஆட்களிடமே வந்து நிற்கும். பாண் துண்டு கொடுப்பது, கழுத்தில் கை போட்டுப் படம் எடுப்பது இரண்டும் வேண்டாம். அது வீட்டு மாடு இல்லை, தலையை ஒருமுறை திருப்பினால் கொம்பு முகத்தில் படும். கையால் உண்ணப் பழகிய விலங்கு அடுத்து பைகளைக் கிழிக்கும், பிறகு பொலித்தீனைத் தின்னும். வாகனக் கண்ணாடிகளை மூடிவிட்டுப் போங்கள், செங்குரங்குகளும் சுற்றி வரும்.

சாப்பாட்டை இங்கே பிரிக்காதீர்கள். இரண்டு வாய் ரொட்டி, ஒரு மிடறு சூடான பிளேன்டீ, பை சோதனை, அவ்வளவுதான். ஏழு மணிக்குள் நடை தொடங்கியிருக்க வேண்டும்.

## 7. முதலில் விளிம்பு

முழுச் சுற்று சுமார் 9 கிலோமீற்றர். கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று சின்ன உலக முடிவு வழியாக உலக முடிவுக்குப் போகும், மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. புதியவர்கள் தவறுவது இந்தச் சந்தியில்தான். நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் விழுந்துகொண்டுதான் இருக்கும். பள்ளத்தாக்கு அப்படித் தெரிந்துகொண்டு இருக்காது. பலகையைப் பார்த்து சின்ன உலக முடிவுப் பாதையில் போங்கள்.

இந்தப் பகுதியில் நின்று படம் எடுக்கும் ஆசையை அடக்குங்கள். சின்ன உலக முடிவில் சுவர் சுமார் 270 மீற்றர் இறங்குகிறது. அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு நடையைத் தொடருங்கள். ஃபார் இன்னிலிருந்து உலக முடிவுக்குச் சுமார் 4 கிலோமீற்றர். நிதானமாக நடந்தாலும் எட்டரைக்குள் சேர்ந்துவிடலாம்.

அங்கே மலை சுமார் 870 மீற்றர் ஆழத்துக்கு அறுந்து விழுகிறது. அடியில் நொன்பரேல் தேயிலைத் தோட்டம், லயங்கள், கோடு போட்ட மாதிரிப் பாதை. தெளிவான நாளில் தெற்கே சமனலவெவ நீர்த்தேக்கம் மின்னும். விளிம்பின் புல் ஈரமாக வழுக்கும், அடியில் பாறையும் பொடிந்திருக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். செல்ஃபிக்காகப் பின்னால் அடி வைப்பவரை உடன் வந்தவர்தான் தடுக்க வேண்டும்.

போகும்போதே மூடியிருந்தால் உடனே திரும்பாதீர்கள். காற்று அடிக்கும் நாளில் திரை சில நிமிடங்கள் விலகும். இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பாட்டை முடியுங்கள். காற்றே இல்லாமல் அடர்த்தியாக நின்றால் மட்டும் நடையைத் தொடருங்கள்.

## 8. இப்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்

உலக முடிவைப் பார்த்ததும் நாள் முடிந்தது என்று எல்லோரும் கதைத்துக்கொண்டு வேகமாகத் திரும்புவார்கள். ஆனால் வெயில் ஏறும் இந்த நேரத்தில்தான் காட்டுத் துண்டுகள் விழிக்கின்றன. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இன்னும் சுமார் 2 கிலோமீற்றர் உண்டு. அதற்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.

பல்லிகள். இவற்றைத் தேடும் முறை வேறு. தூரம் பார்க்காமல், பாசி படர்ந்த மரத்தண்டுகளை இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை ஒவ்வொன்றாகக் கண்ணால் தடவுங்கள். மூக்கு நுனியில் வெளிறிய கொம்போடு இருப்பது கொம்புப் பல்லி. ஆணின் கொம்பு நீளம். குளிரில் அசையவே மாட்டாது என்பதால், கண்ணுக்கு நேரே இருந்தும் பலர் கடந்து போவார்கள். இன்னும் சின்னதாக, வாலைக் கிளையில் சுற்றிப் பிடித்திருந்தால் அது குள்ளப் பல்லி. முட்டை இடாமல் குட்டி போடுவது. கொம்புப் பல்லி, குள்ளப் பல்லி இரண்டும் இலங்கைக்கே உரியவை. தொட்டுப் பார்க்காதீர்கள். கையின் சூடும் பயமும் அவற்றின் காலைப்பொழுதைக் கெடுத்துவிடும்.

திறந்த புல்வெளியில் மஞ்சள் பூவோடு முள் அடர்ந்த கோர்ஸ் புதர்கள் நிற்கும். அது வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய செடி, புல்லைத் தின்றுகொண்டு போகிறது. ஆனால் கரும்வாய் ஓணான் அதன் உச்சியில் உட்கார்ந்து வெயில் காய்வதால், அதைத் தேட நல்ல இடமும் அதுதான்.

பறவைகள். மலைக்காட்டில் பறவைகள் கூட்டம் கூட்டமாக நகரும். அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது, பிறகு ஒரே மரத்தில் நாலு இனம். அமைதியாக இருக்கும் இடத்தில் நின்று காத்திருப்பதை விட, சத்தம் கேட்கும் இடத்தில் அசையாமல் நிற்பது பலன் தரும். மஞ்சள்காதுச் சின்னான், இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்கிய நீல ஈப்பிடிப்பான் மூன்றும் எளிதில் கிடைக்கும். இலங்கைக் காட்டுப்புறா பழம் உள்ள மரத்தின் உச்சியில் இருக்கும், சிறகடிக்கும் சத்தத்தால்தான் தெரியும். காட்டுக்கோழிச் சேவல் பாதையிலேயே கிளறும். குரலைப் பதிவுசெய்து போட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். அது தன் எல்லைக்குள் எதிரி வந்ததாக நினைத்து, இரை தேடும் நேரத்தை விட்டுவிட்டு ஓடி வரும்.

குரங்கு. ஊதாமுக மந்தியின் மலைநாட்டு வகைக்கு உரோமம் மிக அடர்த்தி. கரடிக் குரங்கு என்றும் சொல்வார்கள். இலை அசைவை விடக் கரகரத்த குரைப்புச் சத்தத்தைக் கவனியுங்கள். உச்சிக் கிளையில் சேர்ந்து உட்கார்ந்து வெயில் காயும்.

ஓடைகளின் ஓரத்தில் நீர்நாய் உண்டு. அதன் எச்சத்தில் மீன் செதிலும் நண்டு ஓடும் இருக்கும், பாறை மேல் பார்க்கலாம். வேறொன்றும் செய்ய வேண்டாம், அமைதியாக ஐந்து நிமிடம் நீரைப் பாருங்கள்.

## 9. பேக்கர் நீர்வீழ்ச்சியும் மிச்ச நடையும்

பெலிஹுல் ஓயா 20 மீற்றர் விழும் இடம். பார்வைத் தளத்துக்கு இறங்கும் படிகள் எப்போதும் ஈரம். முழங்கால் நோ உள்ளவர்கள் மேலிருந்தே பார்த்துத் திரும்பலாம். குளிக்கக் கூடாது. நீருக்கு அடியில் சுழிவும் பாறைப் பொந்தும் உண்டு, குளிர் தசையை இறுக்கிவிடும்.

அங்கிருந்து ஃபார் இன்னுக்குச் சுமார் 3 கிலோமீற்றர், பெரும்பாலும் புல்வெளி. நிழல் இல்லை. ரெயின்கோட்டைப் பையின் மேலேயே வையுங்கள், மதியத்துக்குப் பிறகு மழை அறிவிக்காமல் வரும். இடி கேட்டால் வெட்டவெளியில் நிற்காமல் வேகமாக நடந்துவிடுங்கள். குறுக்குவழியாகத் தெரியும் தடங்களில் இறங்காதீர்கள். அவை மரையின் தடங்கள், சதுப்பில் கொண்டுபோய் விடும்.

## 10. பின்னேரம்: ஹக்கலை, பிறகு விக்டோரியா பூங்கா

பதினொன்றரை, பன்னிரண்டுக்கு வாகனத்தில் ஏறலாம். அம்பேவெலப் பக்கம் மூடுபனி இறங்கியிருந்தால் விளக்கைத் தாழ்த்திப் போட்டு, கீழ் கியரில் இறங்கச் சொல்லுங்கள். உயர் வெளிச்சம் மூடுபனியில் பட்டுத் திரும்பிச் சாரதியின் கண்ணையே கூசச் செய்யும்.

கால் இன்னும் நடக்கும் என்றால் நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில் சுமார் 10 கிலோமீற்றரில் ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. சமவெளியில் மந்தி தவறியவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. பூங்காவின் மேல்பக்கம், காடு தொடும் எல்லையில் தேடுங்கள். வழியிலேயே சீதா எலிய அம்மன் கோயில் இருப்பதால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம்.

நாலரைக்கு நகரத்து விக்டோரியா பூங்காவுக்கு வந்துவிடுங்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகள் சத்தம் போடும் இடத்தில் என்ன பறவை இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒக்டோபர் முதல் மார்ச் வரை காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடி வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவது இங்கேதான். பூச்செடிப் பக்கம் போகாமல், ஓடையை ஒட்டி மரம் அடர்ந்த மூலைக்குப் போங்கள். நீர் அழுக்காக இருக்கும், அந்தச் சேற்றில்தான் புழு பூச்சி. கறுப்பு வெள்ளைப் பூங்குருவி நிழலில் இலையைப் புரட்டும். பெயருக்கேற்ப ஆறுமணிக் குருவி இருட்டும் நேரத்தில் குரல் கொடுக்கும். அது வரை நிற்க ஸ்வெட்டரை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள், வெயில் இறங்கியதும் குளிர் ஒரே பாய்ச்சலில் வரும்.